ஆங்கிலம் கற்பிக்கக் கடல் கடப்போர்

உடையவர் அவதரித்த ஸ்ரீபெரும்புதூருக்குத் தெற்கே, ஒரகடம் செல்லும் வழியில் உள்ளது வல்லம் வடகால். ஏரியையும் வயலையும் நம்பியிருந்த அவ்வூரில் இன்று சிப்காட் பேட்டை எழுந்து, ராயல் என்ஃபீல்டும் ஜப்பானிய யமஹாவும் மோட்டார் சைக்கிள்கள் செய்கின்றன. 18,720 தொழிலாளர் தங்கத்தக்க விடுதியொன்று 2024 ஆகஸ்டில் அங்கே திறக்கப்பட்டது. அருகே இருங்காட்டுக்கோட்டையில் கொரியாவின் ஹூண்டாய் 1998 முதல் கார் செய்து வருகிறது. கடைப் பலகைகளில் தமிழுக்குப் பக்கத்தில் கொரிய எழுத்தைக் காண்பது இப்பிரதேசத்தில் அதிசயமன்று. அந்நாட்டு எஞ்சினியர் நம்மவரோடு பேசுவது பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே.

ஆகவே கல்லூரியை விட்டு வெளிவரும் வாலிபருக்கு ஓர் எண்ணம் உதிப்பது இயல்பு. அவர்கள் இங்கு வந்து பொருளீட்டுகிறார்கள். நாம் அங்கு சென்று ஆங்கிலம் சொல்லிக் கொடுத்துப் பிழைக்கலாகாதா?

ஆசையில் தவறில்லை. கடல் தாண்டுவது தமிழனுக்குப் புதிதுமன்று. தோட்டக் கூலியாகப் போனோம், குமாஸ்தாவாகப் போனோம். உபாத்தியாயராகப் போவதில் என்ன குறைவு? மாலத்தீவுப் பள்ளிகளில் நம்மவர் நெடுங்காலமாகக் கற்பித்து வருகின்றனர். ஆனால் கொரியாவின் வாயிற்படியில் ஒரு விதி நிற்கிறது. ஆங்கில உரையாடல் கற்பிப்போருக்கென அந்நாடு வழங்கும் ஈ-2 விசா, பொதுவாக ஏழு தேசத்துப் பிரஜைகளுக்கே உரியது. அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா என்பன அவை. அந்நாட்டவர் பூகோளத்தில் பட்டம் பெற்றிருந்தாலும் ஆங்கில ஆசிரியராகலாம்.

இந்தியருக்கு ஒரு திட்டிவாசல் உண்டு. 2009 இல் கையெழுத்தாகி, 2010 ஜனவரி 1 முதல் அமலில் உள்ள இந்திய-கொரிய பொருளாதார உடன்படிக்கையின்படி, பட்டத்தோடு ஆங்கில ஆசிரியருக்குரிய தகுதிச் சான்றும் பெற்ற இந்தியர், பள்ளிக்கூடங்களில் உதவி ஆசிரியராகலாம். வெறும் பி.ஏ. போதாது. அங்கே தெருவுக்குத் தெரு காணப்படும் ஹாக்வோன் என்னும் தனிப்பயிற்சி நிலையங்களுக்கோ இந்த வாசல் வழி காட்டுவதில்லை. நம்மவர் பலருக்கு உடன்படிக்கையில் இப்படியொரு ஷரத்து இருப்பதே தெரியாது.

தாய்மொழியாக உடையவனே மொழியைக் கற்பிக்க வல்லவன் என்று இவ்விதிக்குச் சமாதானம் கூறுவர். நாம் இதை ஒப்புவதற்கில்லை. தென்னாப்பிரிக்காவில் ஆங்கிலத்தை வீட்டு மொழியாகக் கொண்டவர் பத்தில் ஒருவர்கூட இல்லை. ஆயினும் அந்நாட்டவர் ஆங்கிலத்திலேயே பள்ளிப்படிப்பை முடித்திருப்பின் தகுதியுடையவராகிறார், அது நியாயமே. 1835 இல் மெக்காலே எழுதிய குறிப்புக்குப் பின் ஏறக்குறைய இரு நூற்றாண்டாக ஆங்கிலத்தோடு மல்லாடும் நமக்கு மட்டும் அந்த நியாயம் ஏன் பொருந்தவில்லை? கொரிய மாணவர் ஆயிரக்கணக்கில் பிலிப்பைன்ஸ் சென்று, பாகியோவிலும் செபுவிலும் அந்நாட்டு ஆசிரியரிடம் ஆங்கிலம் பயில்கின்றனர். அதே ஆசிரியர் சியோலில் வந்து கற்பிக்க ஈ-2 கேட்டால் கிடைப்பதில்லை! உழைத்து ஒரு மொழியைக் கற்றவனுக்கே, மாணவன் எவ்விடத்தில் இடறுவான் என்பது தெரியும்.

பட்டம் பெற்றும் பத்து நிமிஷம் தடையின்றி ஆங்கிலத்தில் உரையாட இயலாதவர் நம்மில் ஏராளம் என்பதையும் நாம் மறைக்கவில்லை. அதற்குப் பரீட்சை வைக்கட்டும். எவ்வளவு கடுமையாகவும் வைக்கட்டும். பரீட்சைக்கு அஞ்சுபவனுக்காக நாம் வாதாட வரவில்லை. பிறந்த தேசத்தையே பரீட்சையாக வைப்பதைத்தான் ஆட்சேபிக்கிறோம். ரகசிய மந்திரத்தை எல்லோருக்குமாகத் திருக்கோஷ்டியூர்க் கோபுரமேறி முழங்கியவர் என்று உடையவரைக் கொண்டாடும் ஊரில் இந்த ஆட்சேபம் எழுவது பொருத்தமே.

கொரிய உடன்படிக்கையைத் திருத்தும் பேச்சு 2016 இல் தொடங்கிப் பல சுற்று நடந்தது. எஃகையும் காரையும் பற்றி மணிக்கணக்கில் பேசும் நம் பிரதிநிதிகள், ஆசிரியர் ஷரத்தைப் பற்றியும் அழுத்திப் பேச வேண்டும். ஹாக்வோன்களும் திறக்கட்டும், தேர்வில் வென்றவர் நுழையட்டும். அவர்களுடைய ஆலைக்கு நிலமும் நீரும் சாலையும் தந்த தேசம் இதைக் கேட்பது யாசகமாகாது.

தாய்லாந்து இவ்விஷயத்தில் சற்றுத் தாராளம். டோயிக் போன்ற பரீட்சையில் தேறிய அயலார் அங்கே ஆங்கில ஆசிரியராக முடியும்; சம்பளத்தில் வெள்ளையருக்கும் மற்றவருக்கும் பேதம் உண்டென்பதை அறிந்தே போக வேண்டும். ஆனால் தாய்லாந்தின் பெயரால் மோசமும் நடந்திருக்கிறது. 2022 இல் அங்கே கம்ப்யூட்டர் உத்தியோகம் என்று நம்பிப் போன இந்திய வாலிபர் பலர், எல்லை கடத்தப்பட்டு, மியான்மரின் மியாவடியில் இணைய மோசடிக் கும்பலிடம் சிக்கினர். மீட்கப்பட்டவரில் தமிழரும் இருந்தனர்.

வக்கீல் என்ற முறையில் ஒரு வார்த்தை. 1983 ஆம் வருஷத்துக் குடிபெயர்வுச் சட்டப்படி, பதிவு பெறாத ஏஜெண்டு வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்பது குற்றம். பதிவு பெற்றவரும் 30,000 ரூபாய்க்கும் அதற்குரிய வரிக்கும் மேல் கூலி வாங்கலாகாது. ஒப்பந்தத்தில் பள்ளிக்கூடத்தின் பெயர், சம்பளம், விசாவின் வகை மூன்றும் எழுத்தில் இருக்கின்றனவா என்று வாலிபர் பார்த்துக்கொள்ள வேண்டும். முதலில் சுற்றுலா விசாவில் ஏறு, அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்பவனிடம் பாஸ்போர்ட்டைக் கொடுக்க வேண்டாம்.