வண்டி எழுப்பும் ஒலியும் பழுதின் இருப்பிடமும்

இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்த பிக்கப் வண்டி ஒரு நாள் புதிதாக ஓர் ஒலியை எழுப்பத் தொடங்குகிறது. அதன் சொந்தக்காரர் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார். வானொலியை உரக்க வைத்துக்கொண்டு ஓட்டுகிறார். அல்லது பட்டறைக்குச் சென்று, "கியர்பெட்டியில் ஏதோ சத்தம்" என்று சொல்லி வண்டியை விட்டுவிட்டு வருகிறார். முன்னதில் உயிருக்கு ஆபத்து. பின்னதில் பணத்துக்கு ஆபத்து. சிறு மூட்டு ஒன்று தேய்ந்திருக்க, கியர்பெட்டி முழுவதையும் இறக்கி, மாற்றுப்பெட்டிக்கும் காசு கொடுத்து, அதே ஒலியுடன் வீடு திரும்பியவர்கள் உண்டு.

இத்தவறு நேர்வது ஏன்? ஒலி எங்கிருந்து வருகிறது என்று முதலிலேயே தேடுவதால்தான். வண்டியின் அடிச்சட்டம் முழுவதும் எஃகு. பின்னச்சிற் பிறந்த ஒலி அச்சட்டத்தின் வழியே ஓடி ஓட்டுநரின் காலடியிற் கேட்கும். ஆதலின் 'எங்கே' என்னும் வினாவைச் சற்று ஒதுக்கி, 'எப்போது' என்று கேட்பதே முறையாகும்.

மலேசியாவில் தோட்டங்களிலும் சந்தைகளிலும் உழைத்துவரும் டொயோட்டா ஹைலக்ஸ் (முதன்முதல் வெளிவந்த ஆண்டு 1968) போன்ற பழைய வண்டிகளில் எஞ்சின் முன்புறம் உள்ளது. பின்சக்கரங்களே வண்டியை உந்துகின்றன. எஞ்சினின் சுழற்சி, கிளட்ச், கியர்பெட்டி, நீண்ட புரொப்பெல்லர் ஷாப்ட், பின்னச்சிலுள்ள டிபரன்ஷியல் ஆகியவற்றைக் கடந்து சக்கரங்களை அடைகிறது. இவை யாவும் ஒரே வேகத்திற் சுழல்வதில்லை. பழுதைக் கண்டுபிடிக்க உதவுவது இவ்வேறுபாடே.

முதற் சோதனைக்கு வண்டி நகரவே வேண்டியதில்லை. கியரை 'நியூட்ரலில்' வைத்து எஞ்சினை ஓடவிடுக. கிளட்சை மிதிக்காதபோது கரகரவென்று கேட்டு, மிதித்தவுடன் அடங்கினால், கியர்பெட்டியின் முன்தண்டையோ அதனால் சுழற்றப்படும் அடித்தண்டையோ தாங்கும் பேரிங் தேய்ந்திருக்கலாம். மிதிக்கும்போது மட்டும் ஒலி எழுந்தால், பெரும்பாலும் கிளட்சை விடுவிக்கும் பேரிங்கையே ஐயுற வேண்டும். ஓட்டத்தில் முதல் மூன்று கியர்களிலும் இரைந்து, நான்காவதில் அடங்குவதும் உண்டு. இத்தகைய பெட்டிகள் பலவற்றில் நான்காவது கியர் நேர்க்கியர். சுழற்சி முன்தண்டிலிருந்து பின்தண்டுக்கு நேரே செல்கிறது. அடித்தண்டு பளு இன்றி வெறுமனே சுழல்கிறது. எனவே தேய்வு அடித்தண்டின் பக்கம் என்று கொள்ளலாம்.

எஞ்சின் எவ்வாறு ஓடினாலும் மாறாமல், வண்டியின் வேகத்தோடு மட்டும் கூடிக் குறையும் ஒலி வேறு வகை. அது கியர்பெட்டிக்குப் பின்னால் உள்ளவற்றின் ஒலி. இங்கே சிறிது கணக்குத் தேவை. டயரின் சுற்றளவு 2.1 மீட்டர் என்றும், பின்னச்சின் பல்விகிதம் 4.1 என்றும் கொள்க. மணிக்கு 6 கிலோமீட்டர், அதாவது மனிதன் விரைந்து நடக்கும் வேகத்தில், சக்கரம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 48 முறை சுழலும். ஷாப்ட் ஏறத்தாழ 195 முறை சுழலும். டயரில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு இட்டு, வெற்றிடத்தில் வண்டியை மெல்ல ஓட்டச் செய்து, சற்று விலகி நடந்தவாறே எண்ணினால் போதும். கோடு ஒருமுறை சுற்றி வருவதற்குள் 'டக்' என்பது ஒரு தரம் கேட்டால் சக்கரத்தையும் பிரேக்கையும் பார்க்க வேண்டும். நான்கு தரம் கேட்டால் ஷாப்டைப் பார்க்க வேண்டும். நான்காம் வகுப்புப் பிள்ளையும் செய்யக்கூடிய இவ்வெண்ணிக்கையைச் செய்யாமற் செலவழிந்த பணம் கொஞ்சமன்று.

ஷாப்டின் முனைகளில் உள்ள சிலுவை வடிவ மூட்டு, இத்தாலியரான கார்டானோ (1501–1576), ஆங்கிலேயரான ஹூக் (1635–1703) ஆகிய இருவர் பெயராலும் வழங்கப்படுகிறது. இதற்கு ஒரு விசித்திரமான இயல்பு உண்டு. மூட்டு வளைந்து நிற்கும்போது, ஒருபுறத் தண்டு சீராகச் சுழன்றாலும் மறுபுறத் தண்டு ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை விரைந்து இருமுறை தளரும். வளைவு 10 பாகையானால் இவ்வேறுபாடு மேலும் கீழும் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு. ஷாப்டின் இரு முனைக் கவைகளும் ஒரே தளத்தில் அமைந்து, இரு மூட்டுகளின் வளைவும் ஒத்திருந்தால், முன்மூட்டு செய்த குற்றத்தைப் பின்மூட்டு திருத்திவிடும். பட்டறையில் ஷாப்டின் நழுவு பகுதியைக் கழற்றி ஒரு பல் தள்ளிப் பூட்டிவிட்டாலோ, வில்தகடுகள் தாழ்ந்து பின்னச்சின் சாய்வு மாறினாலோ, இத்திருத்தம் கெட்டு வண்டி நடுங்கத் தொடங்கும். புதிய மூட்டைப் பூட்டிய பின்னரும் நடுக்கம் நீங்காததற்கு இதுவும் ஒரு காரணம். கழற்றுமுன் இரு பகுதிகளின் மீதும் சாயத்தால் ஒரே நேர்கோடு இட்டுவிட்டால் இத்தொல்லை இல்லை.

கிரீஸ் வற்றிய மூட்டு முதலில் மெதுவோட்டத்தில் கீச்கீச்சென்று குருவிபோல ஒலிக்கும். மூடியின் ஓரத்தில் செந்தூள் படியும். பின்னர், வண்டி புறப்படும்போது 'டக்' என்று இடிக்கும். அதையும் பொருட்படுத்தாதிருந்தால் மூட்டு ஒரு நாள் உடையும். முன்மூட்டு உடைந்து ஷாப்டின் முனை தரையிற் குத்துமாயின் வண்டி நிலைகுலையும்.

டிபரன்ஷியலின் ஒலியோ ஊளை. முடுக்கும்போது ஊளையிட்டு, காலை எடுத்தவுடன் மாறினால், பற்கள் பொருந்தும் இடத்தையும் சிறுபற்சக்கரத்தின் பேரிங்கையும் ஐயுறலாம். சக்கரப் பேரிங்கின் உறுமல் முடுக்கத்தால் அதிகம் மாறாது, வளைவில் மாறும். இடப்பக்கம் திரும்பும்போது பளு வலச்சக்கரத்தின் மேல் சாய்வதால், அப்போது உறுமல் மிகுந்தால் பழுது பெரும்பாலும் வலப்பக்கமே. டயரின் இரைச்சல் இவ்விரண்டையும்போல நடிக்கும். ஆனால் சாலையின் பரப்பு மாறினால் தானும் மாறிவிடும்.

கடகட, கரகர, கீச்கீச் எனத் தமிழில் இரட்டைக்கிளவிகளுக்குப் பஞ்சமில்லை. வெறும் 'சத்தம்' என்று சொல்வதை விட்டு, இச்சொல்லோடு வேகத்தையும் கியரையும் சேர்த்து ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால், பட்டறைக்காரரின் வேலை பாதி முடிந்தது.

எதையும் பிரிப்பதற்கு முன் எண்ணெயைப் பார்த்துவிடுவது நன்று. விரலில் ஒட்டும் மெல்லிய மினுமினுப்பு பழைய வண்டியில் இயல்பு. நகத்திற் சிக்கும் எஃகுச் சில்லுகள் இயல்பன்று. எண்ணெய் பால் கலந்த தேநீர்போலத் தோன்றினால் தண்ணீர் புகுந்துள்ளது. ஓடிச் சூடேறிய பின்னச்சு ஓடையில் இறங்கிச் சடுதியிற் குளிரும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கி, காற்றுத்துளையின் வழியாகவும் தேய்ந்த சீல்களின் வழியாகவும் நீரை உறிஞ்சிக்கொள்ளும். வெள்ளத்தைக் கடந்த வண்டிக்கு ஒலி எழும்வரை காத்திராமல் அவ்வெண்ணெயை மாற்றிவிட வேண்டும்.