சர்க்கஸ் வகுப்பில் சிவப்புக் கொடி யார் கையில்?

கோடை விடுமுறை வந்தால் குழந்தைகளைப் பாட்டுக்கும் பரதநாட்டியத்துக்கும் அனுப்பிவந்த நம் மும்பைத் தமிழ்க் குடும்பங்களில், சில ஆண்டுகளாகச் சர்க்கஸ் வித்தை கற்க அனுப்புவதும் ஆரம்பித்திருக்கிறது. கூரையிலிருந்து தொங்கும் நீளத் துணியில் ஏறுவது, வளையத்தில் உட்கார்ந்து சுழல்வது, பார் விளையாட்டு, ஒருவர் தோள்மேல் ஒருவர் நிற்பது, பந்துகளை மாற்றி மாற்றி வீசிப் பிடிப்பது எல்லாம் வாரம் இரண்டு நாள் வகுப்பாக நடக்கின்றன. என் பேத்தியும் போகிறாள். கொண்டு விடுவதும் கூட்டி வருவதும் ஓய்வு பெற்ற தாத்தாவின் உத்தியோகம். ரயில்வே தொழிற்கூடத்தில் கிரேன், சங்கிலி, கம்பிக் கயிறு என்றே காலம் தள்ளியவன் ஆகையால், முதல் நாளே என் பார்வை பேத்தி மேல் போகவில்லை, கூரை மேல் போயிற்று. அதைக் கவனித்த மாஸ்டர், கயிறுகளின் பதிவேட்டை என் தலையில் கட்டிவிட்டார். இரண்டு வருஷமாகப் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்ததைப் புதிதாகச் சேர்க்க நினைக்கும் பெற்றோருக்காக எழுதுகிறேன்.

இந்திய சர்க்கஸின் கதை இந்த ஊரிலேயே தொடங்குகிறது. குருந்த்வாட் சமஸ்தானத்தில் குதிரை லாயத்தைக் கவனித்துவந்த விஷ்ணுபந்த் சத்ரே, 1880-இல் பம்பாயில் தம் கிரேட் இந்தியன் சர்க்கஸின் முதல் காட்சியை நடத்தினார். அவருடைய கம்பெனி தலச்சேரிக்குப் போனபோது, அங்கே களரியும் உடற்பயிற்சியும் கற்பித்துக்கொண்டிருந்த கீலேரி குஞ்ஞிக்கண்ணனின் பழக்கம் ஏற்பட்டது. சர்க்கஸுக்கு ஆள் தயாரிக்கும் வேலையைக் குஞ்ஞிக்கண்ணன் ஏற்றுக்கொண்டார். 1901-இல் தலச்சேரியை அடுத்த சிறக்கரையில் ஒரு சர்க்கஸ் பள்ளியே ஆரம்பித்தார். அந்த வட்டாரத்திலிருந்து போன கலைஞர்கள்தாம் பிறகு நாடெங்கும் கூடாரம் கூடாரமாக நிறைந்தார்கள். இன்று நம் ஊர்களில் கற்பிக்கும் மூத்த மாஸ்டர்களில் பலருக்கு அந்தக் கூடார வழிதான்.

அந்த வழியில் ஆசான் சொன்னால் சொன்னதுதான். மறுபேச்சு கிடையாது. அதில் உலகத் தரமான கலைஞர்கள் உருவானார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் மறுபேச்சு இல்லாத இடத்தில் வேறு விஷயங்களும் வளரும். நேபாளத்திலிருந்தும் நம் நாட்டு ஏழைக் குடும்பங்களிலிருந்தும் கூடாரங்களுக்குக் கொண்டுவரப்பட்ட சிறுமிகள் பட்ட துன்பத்தை முன்வைத்து, பச்பன் பச்சாவோ ஆந்தோலன் என்ற அமைப்பு 2006-இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போயிற்று. 2011 ஏப்ரல் 18 அன்று தீர்ப்பு வந்தது. சர்க்கஸில் குழந்தைகளை வேலைக்கு வைப்பதைத் தடைசெய்து இரண்டு மாதத்துக்குள் அறிவிக்கை வெளியிடும்படி மத்திய அரசுக்கு நீதிமன்றம் உத்தரவிட்டது. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தில் 2016-இல் செய்த திருத்தம், சினிமாவிலும் தொலைக்காட்சியிலும் குழந்தைகள் நடிக்க நிபந்தனைகளோடு இடம் கொடுக்கிறது. சர்க்கஸுக்கு மட்டும் அந்த இடம் இல்லையென்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. ஆகவே குழந்தை வித்தை கற்கலாம், ஆனால் பயிற்சிக் கூடமே "கல்யாண ரிசப்ஷனில் ஒரு அரை மணி நேரம், பணமும் கிடைக்கும்" என்று கேட்டால், அங்கேயே கைகூப்பிவிட்டு வந்துவிடவேண்டும்.

நல்ல பயிற்சிக் கூடத்தை எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்கிறார்கள். என்னிடம் ஒரே அளவுகோல்தான் உண்டு. ரயில்வேயில் இருந்தவர்களுக்கு இது புரியும். தண்டவாளத்தில் வேலை செய்யும் கேங்மேன் ஆபத்தைக் கண்டு சிவப்புக் கொடியை விரித்தால், ராஜதானி எக்ஸ்பிரஸாக இருந்தாலும் நிற்கவேண்டும். 'நீ என்ன கிரேடு, எத்தனை வருஷ சர்வீஸ்' என்று டிரைவர் விசாரிப்பதில்லை. முதலில் நிறுத்துவார், காரணம் பிறகு. சர்க்கஸ் கூடத்தில் அந்தக் கொடி, மேலே தொங்குகிற ஆளின் கையில் இருக்கவேண்டும். எட்டு வயதுக் குழந்தை "நிறுத்துங்க" என்றால் மாஸ்டர் அந்தக் கணமே நிறுத்துகிறாரா? இதைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

நம் வீடுகளில் இதற்கு நேர்மாறாகச் சொல்லி அனுப்புகிறோம். "மாஸ்டர் என்ன சொன்னாலும் கேக்கணும், அடம் பிடிக்கக்கூடாது." போன வருஷம் ஒரு பத்து வயதுப் பெண் பாதி உயரத்தில் "போதும்" என்றாள். பெஞ்சிலிருந்த அம்மாவுக்குக் கோபம். "இவ்வளவு ஃபீஸ் கட்டியிருக்கு, ஏறுடீ!" என்று குரல் கொடுத்தார். மாஸ்டர் அம்மாவைத் திரும்பியும் பார்க்கவில்லை. பெண்ணின் இடுப்பைத் தாங்கி இறக்கினார். அதன் பிறகுதான் காரணம் தெரிந்தது. கழற்றாமல் விட்ட கொலுசு துணியில் மாட்டிக்கொண்டு, இன்னும் ஒரு சுற்றுச் சுற்றியிருந்தால் கணுக்கால் போயிருக்கும்.

தொடுவதற்கும் இதே விதி. இந்த வித்தையைத் தொடாமல் கற்பிக்க முடியாது. தலைகீழாகத் திரும்பும் குழந்தையை இடுப்பிலோ தோளிலோ முதுகிலோ தாங்கத்தான் வேண்டும். ஆகவே நல்ல மாஸ்டர், கை வைப்பதற்கு முன்னால், "இப்போ இடுப்பைப் பிடிக்கப்போறேன், சரியா?" என்று கேட்பார். குழந்தை தலையாட்டும். இல்லையென்றால் வேறு வழியில் சொல்லிக்கொடுப்பார், அல்லது அந்த வித்தையைத் தள்ளிவைப்பார். கூடத்தின் கதவு திறந்திருக்கும், பெற்றோர் உட்காரப் பெஞ்சு இருக்கும், தனி அறையில் தனிப் பயிற்சி என்ற பேச்சே இருக்காது. "பெற்றோர் உள்ளே வரக்கூடாது" என்று பலகை மாட்டியிருக்கும் இடத்தில் நான் பேத்தியை விடமாட்டேன். மனதை உறுத்தும்படி ஏதாவது நடந்தால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்குச் சொல்லத் தயங்காதீர்கள். 'பெயர் கெட்டுவிடும்' என்று மூடிவைக்கும் நம் பழக்கம் இந்த விஷயத்தில் ஆகாது.

குழந்தைகள் ஒருவருக்கொருவர் நடந்துகொள்வதும் அப்படியே. பார் விளையாட்டில் 'தயாரா?' என்று கேட்பார்கள், 'தயார்' என்று பதில் வரும், அப்புறம்தான் 'போ'. பதில் வராவிட்டால் கை விடக்கூடாது. ஸ்டேஷன் மாஸ்டரும் கேட்மேனும் ரகசிய எண் மாற்றிக்கொள்வது ஞாபகம் வரும் எனக்கு. கேட் மூடியாகிவிட்டது என்று ஊகித்து யாரும் வண்டி விடுவதில்லை.

தோள்மேல் நிற்பதில் நம்மவர்களுக்கு ஒரு தயக்கம் உண்டு. பெரியவர் உடம்பில் கால் படலாமா என்று என் பேத்தி முதல் நாள் தவித்தாள். தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஏறினாள். மாஸ்டர் சிரித்துக்கொண்டே, "ஏறும்போது காலை நேரா வை, நடுங்காதே. அதுதான் கீழே இருக்கிறவருக்கு நீ குடுக்கிற மரியாதை" என்றார். கால் பதித்த இடம் கழுத்துக்கு அருகே உறுதியாக இருந்தால் கீழே நிற்பவருக்கு வலிக்காது. பயந்து பயந்து விளிம்பில் வைத்தால் தோள் எலும்பு துடித்துவிடும்.

இனி கயிறு. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், மன்னிக்கவும். ஊசல் கணக்குப் போட்டவர்களுக்குத் தெரியும். 40 கிலோ எடையுள்ள பெண் கயிற்றில் சும்மா தொங்கினால் மேலே உள்ள கொக்கிக்குப் பாரம் 40 கிலோ. அதே பெண் செங்குத்திலிருந்து 60 பாகை விலகி ஊஞ்சலாடி வந்தால், அடிமட்டத்தைக் கடக்கும்போது பாரம் 80 கிலோ. கயிறு படுகிடையாக இருக்கும் உயரத்திலிருந்து ஆடி வந்தால் 120 கிலோ. துணியைச் சுற்றிக்கொண்டு திடீரென்று உருண்டு இறங்கி 'டக்' என்று நிற்கும் வித்தையில், எவ்வளவு சட்டென்று நிற்கிறாளோ அவ்வளவுக்குப் பாரம் ஏறும். ஆகவே 'நூறு கிலோ தாங்கும் கயிறு, குழந்தை நாற்பது கிலோதானே' என்ற கணக்கு, கணக்கே அல்ல. மனிதரைத் தொங்கவிடும் சாமான்களுக்குப் பத்து மடங்கு வலு வைப்பது பரவலான வழக்கம்.

என் பணிக்காலத்தில், 1948-ஆம் வருஷத்து ஃபாக்டரிச் சட்டத்தின் 29-ஆவது பிரிவுப்படி, தூக்கும் சங்கிலி, கயிறு, கொக்கி எல்லாவற்றையும் தகுதியுள்ள ஒருவர் பன்னிரண்டு மாதத்துக்கு ஒரு முறையாவது சோதித்துப் பதிவேட்டில் எழுதவேண்டும். அது இரும்பைத் தூக்குவதற்கு. பேத்தியைத் தூக்குவதற்கு நான் வருஷக் கணக்குப் பார்ப்பதில்லை. வகுப்பு நாளெல்லாம் துணியை அடி முதல் நுனி வரை கையால் தடவி ஓட்டை, நைந்த இடம் பார்க்கிறோம். ஷேக்கிளின் பின் முழுக்கத் திருகியிருக்கிறதா, சுழல் இணைப்பு சத்தமில்லாமல் சுழல்கிறதா, வளையம் தேய்ந்திருக்கிறதா என்றும் பார்த்துத் தேதியும் கையெழுத்தும் போடுகிறோம். சந்தேகப்பட்ட சாமானில் சிவப்பு நாடா கட்டிவிடுவேன். கட்டியவர்தான் அவிழ்க்கவேண்டும். பழுது பார்க்கும் பெட்டியில் 'நகர்த்தாதே' என்ற பலகையை வைத்தவரேதான் எடுக்கவேண்டும் என்ற எங்கள் தொழிற்கூட வழக்கம்தான் இது. பிள்ளைகள் விளையாட்டாக அந்த நாடாவை அவிழ்த்தால் மாஸ்டர் அன்றைக்கு வகுப்பையே நிறுத்திவிடுவார். சரியான தண்டனை என்பது என் அபிப்பிராயம்.

உடம்போடு போகக் கூடாதவை: கொலுசு, வளையல், மோதிரம், தொங்கும் தோடு, கழுத்துச் சங்கிலி, துப்பட்டா, ஊக்கு. அரைஞாண் கயிறும் மாட்டும். கழற்ற மனமில்லாவிட்டால் உடையின் உள்ளே அடக்கி இறுக்கமாகச் செருகிவிடுங்கள். முழங்காலின் பின்பக்கத்தை மூடும் கால்சட்டை வேண்டும், இல்லாவிட்டால் துணி உராய்ந்து தோல் உரிந்துவிடும். கடைசியாக, நம் தேங்காய் எண்ணெய். தலையில் வழிய வழிய வைத்துப் பின்னல் போட்டு அனுப்புகிறோமே, அந்த எண்ணெய் கைக்கு வரும், கையிலிருந்து துணிக்குப் போகும். உங்கள் பெண் இறங்கியபின் அடுத்த குழந்தை அதே துணியைப் பிடித்து ஏறி, வழுக்கும். சிவாஜி பார்க்கில் மல்லகம்பத்துக்கு ஆமணக்கெண்ணெய் தடவுவதைப் பார்த்தவர்கள், 'அங்கே மட்டும் எப்படி?' என்று கேட்கலாம். அது தேக்குக் கம்பம். உராய்வு குறைந்தால்தான் உடம்பு சுழலும். துணியில் உராய்வே உயிர். ஆகவே வகுப்பு நாளில் எண்ணெய் வேண்டாம். வேர்வைக் கைக்கு மெக்னீசியப் பொடி கூடத்திலேயே வைத்திருப்பார்கள். சாப்பாடு இரண்டு மணி நேரம் முன்னாலேயே முடிந்திருக்கட்டும்.

பெஞ்சுக்காரர்களுக்கும் ஒழுங்கு உண்டு. மேலே குழந்தை இருக்கும்போது பேர் சொல்லிக் கூப்பிடக்கூடாது. "பாத்துடீ, பாத்து!" என்ற பாட்டியின் அலறலில் உள்ள அன்பு எல்லாருக்கும் தெரியும். ஆனால் அதைக் கேட்டுத் தலை திரும்பும், தலை திரும்பினால் பிடி தளரும். கைதட்டல் இறங்கிய பிறகு. ஃப்ளாஷ் போட்டுப் படம் எடுக்கவேண்டாம். பிறர் குழந்தையைப் படம் எடுத்து வாட்ஸப்பில் அனுப்புவதானால் அந்தக் குழந்தையையும் பெற்றோரையும் கேட்டுவிட்டு. வலைக்கும் பாருக்கும் கீழே குறுக்கே நடக்காதீர்கள், சாவிக்கொத்து விழுந்தாலும் போய் எடுக்காதீர்கள்.

பேச்சிலும் கவனம் வேண்டும். 'குண்டு', 'நோஞ்சான்' என்று சொல்லிச் சிரித்தால் அந்தக் குழந்தை மறுநாள் வராது, அல்லது தன்னைக் காட்டிக்கொள்ளத் தன்னால் முடியாத உயரத்துக்கு ஏறும். இரண்டாவது இன்னும் மோசம். எங்கள் கூடத்தில் பந்து வீச்சு கற்பிப்பவர் உயரம் குறைந்தவர், கூடாரத்தில் கோமாளி வேஷம் கட்டியவர். 'அபூர்வ சகோதரர்கள்' (1989) அப்புவை ரசித்துக் கண்ணீர் விட்ட நாமே, அவரை "டேய்" என்று கூப்பிடப் பார்க்கிறோம். ஐந்து பந்துகளை ஒரே சமயத்தில் ஆட்டுகிறவர் அவர். அவரும் மாஸ்டர்தான், அவருக்கும் 'சார்'தான்.

வலையில் விழுவதும் ஒரு பாடம். முதுகு பட விழவேண்டும். கால் ஊன்றி விழுந்தால் கணுக்காலும் முழங்காலும் திருகிக்கொள்ளும். விழுந்ததும் துள்ளி எழுந்து கை அசைக்கத் தோன்றும். வலை அடங்கும்வரை படுத்திருந்து, ஓரத்துக்கு நகர்ந்து, விளிம்பைப் பிடித்து இறங்கவேண்டும். விழும்போது பிழைத்து, இறங்கும்போது அடிபடுவது இந்த வித்தையில் புதிதல்ல.

வகுப்பில் இத்தனை ஒழுங்கையும் காப்பாற்றிவிட்டு வீட்டில் கோட்டை விடுகிறவர்கள் இருக்கிறார்கள். டோம்பிவிலியில் ஒரு நண்பர், மகள் வீட்டிலும் பழகட்டும் என்று மின்விசிறியைக் கழற்றிவிட்டு அந்தக் கொக்கியில் துணியைக் கட்டியிருந்தார். பெருமையாகக் காட்டினார். ஐந்து கிலோ விசிறிக்காகச் சிமெண்டில் செருகிய கொக்கி அது. நாற்காலி போட்டு ஏறி நானே அவிழ்த்தேன். துணி இப்போது அவர் வீட்டு ஜன்னலில் திரையாகத் தொங்குகிறது. நல்ல நீலம், வெயிலுக்கு இதமாக இருக்கிறது.