நாய்க்கு மருந்தூட்டல்

மனிதன் பழக்கிய விலங்குகளுள் காலத்தால் முந்தியது நாய். ஆடும் மாடும் மனைக்கு வருமுன்னரே அது மனிதனுக்குத் துணையாக வந்து சேர்ந்தது. தமிழகத்தில் இராசபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை என ஊர்ப்பெயரால் வழங்கும் நாயினங்கள் உள. வேட்டைக்கும் காவலுக்கும் பெயர்பெற்ற அவையும், தெருவிற் பிறந்து ஒரு வீட்டில் அடைக்கலம் புகுந்த நாயும் ஒன்றில் ஒத்தனவே. தம் நோயை எடுத்துரைக்கும் வாய் இரண்டிற்கும் இல்லை. நாய்க்கு வரும் நோய்களுள் புறத்தே தோன்றாது அகத்தே வளர்வது குடற்புழு நோய். அதனை நீக்கும் மாத்திரை எளிதிற் கிடைக்கும். அம்மாத்திரையை நாயின் வயிற்றிற் சேர்ப்பதே அரிது.

நாயின் குடலில் வாழும் புழுக்களுள் உருண்டைப்புழு, கொக்கிப்புழு, நாடாப்புழு என்னும் மூன்றும் குறிப்பிடத்தக்கன. உருண்டைப்புழு தாயின் வயிற்றில் இருக்கும்போதே குட்டியைப் பற்றும். பிறந்தபின் பால்வழியாகவும் சேரும். வயிறு பருத்து உடல் இளைத்த குட்டியைக் கண்டு, ‘நன்றாக உண்கிறது’ என மகிழ்வார் உளர். அப்பருமன் உணவினால் வந்ததன்று, புழுவினால் வந்தது. கொக்கிப்புழு குடற்சுவரைக் கவ்விக் குருதியை உறிஞ்சும். இளங்குட்டி அதனால் சோகையுற்று இறத்தலும் உண்டு. நாடாப்புழுக்களுள் ஒருவகை தெள்ளுப்பூச்சியின் வழியாக வரும். நாய் தன் உடலைக் கடித்துக்கொள்ளும்போது அப்பூச்சியை விழுங்கிவிடுகிறது. நாயின் மலத்தில் அரிசிமணி போன்ற துண்டுகள் காணப்படின், அவை அப்புழுவின் உடற்கண்ணிகள் என அறியலாம்.

இத்துன்பம் நாயோடு நிற்பதன்று. உருண்டைப்புழுவின் முட்டைகள் மலத்தோடு மண்ணிற் கலந்து, சில வாரங்களில் நோய் பரப்பும் தன்மையை அடைகின்றன. பின்னர்ப் பல மாதங்கள் அழியாது கிடக்கின்றன. மண்ணில் விளையாடிய குழந்தை கைகழுவாது உண்ணின், முட்டைகள் அதன் வயிற்றுக்குட் புகும். அவற்றினின்று வெளிப்படும் இளம்புழுக்கள் ஈரல், நுரையீரல் முதலிய உறுப்புகளில் அலையும். கண்ணை அடையுமாயின் பார்வையே கெடுதல் கூடும். ஆதலின் நாய்க்குக் கொடுக்கும் மாத்திரை அவ்வீட்டுக் குழந்தைக்கும் காப்பாகிறது.

இவ்வுண்மைக்கு ஐசுலாந்து நாட்டு வரலாறு சான்றாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்நாட்டு மக்கள் பலர் ஈரலிலும் நுரையீரலிலும் நீர்க்கட்டி தோன்றி வருந்தினர். நாயின் குடலில் வாழும் மிகச் சிறிய நாடாப்புழு ஒன்றே அதற்குக் காரணம். டென்மார்க்கைச் சேர்ந்த ஆரால்டு கிராபே என்னும் அறிஞர் 1863ஆம் ஆண்டில் அங்குச் சென்று அந்நோயை ஆராய்ந்தார். நோயின் வரலாற்றையும் தடுக்கும் வழியையும் விளக்கிய சிறுநூல் ஒன்று மறு ஆண்டில் மக்களுக்கு வழங்கப்பட்டது. நோயுற்ற ஆட்டுறுப்புகளை நாய் தின்னாதவாறு அழித்தலும், நாய்களுக்குப் புழுமருந்து கொடுத்தலும் பின்னர்ச் சட்டமாயின. தலைமுறைகள் சில கடந்தபின் அந்நோய் அந்நாட்டை விட்டே நீங்கியது.

இனி மருந்தூட்டும் முறையைக் காண்போம். குட்டிக்கு இரண்டு வாரம் ஆனதும் மருந்து தொடங்குதல் வேண்டும். பின்னர் இரு வாரத்திற்கு ஒருமுறையும், சற்று வளர்ந்தபின் திங்களுக்கு ஒருமுறையும், வளர்ந்த நாய்க்கு மூன்று திங்களுக்கு ஒருமுறையும் கொடுப்பது பொதுவழக்கு. மருந்தின் அளவு நாயின் எடையைப் பொறுத்தது. நாயைத் தூக்கிக்கொண்டு எடைக்கருவியில் நின்று, அவ்வெடையினின்று தூக்கியவர் எடையைக் கழித்தால் நாயின் எடை விளங்கும். எந்த மருந்து, எவ்வளவு என்பதைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டறிதல் வேண்டும். கருவுற்ற நாய்க்கும் நோயுற்ற நாய்க்கும் அவரைக் கேளாது கொடுத்தலாகாது.

நாய் மாத்திரையை வெறுப்பதற்குக் காரணம் உண்டு. அதன் மோப்பம் மனிதனுடையதினும் பன்மடங்கு கூர்மையானது. நாடாப்புழுவுக்குரிய பிராசிகுவாண்டல் என்னும் மருந்தோ மிகவும் கசப்பது. மாத்திரையைச் சோற்றுத்தட்டில் இட்டால், நாய் சோற்றை உண்டு மாத்திரையை மட்டும் ஒதுக்கிவிடும். பொடித்துக் கலந்தால் கசப்பு முழுதும் பரவ, தட்டையே விட்டு நீங்கும். ‘ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்க வேண்டும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்க வேண்டும்’ என்னும் பழமொழி நாய்க்கும் பொருந்தும்.

பசித்திருக்கும் வேளையே மருந்தூட்டத் தக்க வேளை. வேகவைத்த ஈரல், இறைச்சி, முட்டையின் மஞ்சட்கரு ஆகியவற்றுள் நாய் விரும்பும் ஒன்றை எடுத்து, மெல்லாது விழுங்கத்தக்க சிறு உருண்டைகள் மூன்று செய்க. நடு உருண்டையில் மட்டும் மாத்திரையை மறைத்திடுக. முதல் உருண்டையை உண்ட நாய் ஐயமின்றி இரண்டாவதை வாங்கும். அவ்வேளை மூன்றாவதைக் கண்ணெதிரே காட்டினால், அதனைப் பெறும் விரைவில் வாயிலுள்ளதை விழுங்கிவிடும். மாத்திரையைத் தொட்ட விரலால் மற்ற உருண்டைகளைத் தொடலாகாது, மோப்பம் காட்டிக்கொடுத்துவிடும். உலர்ந்த திராட்சை, வெங்காயம், சாக்லேட் ஆகியவை நாய்க்குத் தீங்கு செய்வன. அவற்றில் மருந்தை மறைத்தல் கூடாது.

இவ்வழி பயன்படாதபோது கையால் ஊட்டுதல் வேண்டும். இது நாய் நன்கறிந்த பெரியவர் ஒருவர் செய்யத்தக்கது. நாயைச் சுவரோரம் அமர்த்தி, ஒரு கையால் மேல்தாடையைக் கோரைப்பற்களின் பின்புறமாகப் பற்றித் தலையைச் சற்றே நிமிர்த்துக. மற்றொரு கையின் விரலால் கீழ்த்தாடையைத் தாழ்த்தி, நாவின் அடிப்பகுதியில் நடுவே மாத்திரையை வைத்து வாயை மூடுக. பின்னர் மிடற்றை மெல்லத் தடவிக் கொடுத்தால் நாய் விழுங்கும். நாவால் மூக்கை நக்குதல் விழுங்கியதற்கு அடையாளம். மாத்திரையைக் கன்னத்தில் அடக்கிவைத்துப் பின்னர் உமிழ்ந்துவிடும் நாய்களும் உண்டு. ஆதலின் சிறிது நேரம் அதனைக் கவனித்தல் வேண்டும்.

அடித்தும் அமுக்கியும் ஊட்டுதல் அறமுமன்று, அறிவுமன்று. ஒருமுறை வலிந்து ஊட்டினால் மறுமுறை நாய் அக்கையைக் கண்டே அஞ்சும்; அஞ்சிய நாய் கடிக்கவும் கூடும். உறுமும் நாயிடம் முயலாது, அதனைக் கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்க. எக்காரணத்தால் நாய் கடிப்பினும், காயத்தைச் சோப்பும் நீருமிட்டுக் கால்மணி நேரம் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்லல் வேண்டும்.

மருந்து உட்சென்றபின்னும் கடமைகள் சில உள. உருண்டைப்புழுவின் முட்டைகள் நோய் பரப்பும் தன்மையை அடையச் சில வாரங்கள் ஆகுமாதலின், மலத்தை அன்றன்றே அகற்றினால் மண் தூய்மையாக இருக்கும். தெள்ளுப்பூச்சியை ஒழித்தால் நாடாப்புழு மீண்டும் வருதல் குறையும். மருந்து கொடுத்த நாளை நாட்காட்டியிற் குறித்து, அடுத்த முறையைப் பெரியவர்க்கு நினைவூட்டல் மாணவர் ஏற்கத்தக்க பணி. இடைப்பட்ட நாள்களில் மருந்தில்லா உருண்டைகளையும் அவ்வப்போது கொடுத்து, வாயைத் தொட்டுப் பழக்கிவருதல் நன்று. மூன்று திங்கள் கழித்து அதே கை அழைக்கும்போது, நாய் ஓடி ஒளியாது வாலாட்டி வருமாயின், மருந்தூட்டிய முறை செம்மையானது என்பதற்கு அதுவே சான்றாகும்.