பிக்கப் வண்டியில் லேப்டாப்: ஃபயர்வாலைத் தாண்டி ஒயர் இழுப்பது எப்படி?

ஃபயர்வால் என்றதும் கம்ப்யூட்டரின் பாதுகாப்பு சாஃப்ட்வேர்தான் நம் நினைவுக்கு வரும். வண்டியில் எஞ்சினையும் கேபினையும் பிரிக்கும் இரும்புத் தடுப்புக்கும் இதே பெயர்தான். தீயும் புகையும் உள்ளே வராமல் தடுப்பது இதன் வேலை.

லேப்டாப், பிரிண்டர் இயக்க 300 வாட் இன்வெர்ட்டர் பொருத்துகிறீர்களா? முழு லோடில் இது 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 25 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். சிகரெட் லைட்டர் சாக்கெட்டின் ஃபியூஸ் பெரும்பாலும் 10 முதல் 20 ஆம்பியர்தான். எனவே பேட்டரியிலிருந்து தடிமனான தனி ஒயர் தேவை.

முதலில் பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றுங்கள். ஃபயர்வாலில் கம்பெனி ஒயர்கள் செல்லும் ரப்பர் வளையத்தில் இடமிருந்தால் அதன் வழியே ஒயரை நுழையுங்கள். புதிதாகத் துளையிட வேண்டுமெனில், மறுபக்கம் பிரேக் பைப்போ ஒயர் கட்டோ இல்லை என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். துளையில் ரப்பர் வளையம் கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் வண்டி அதிரும்போது தகட்டின் விளிம்பு ஒயரின் உறையை அறுத்து ஷார்ட் சர்க்யூட் ஆகிவிடும்.

மிக முக்கியமாக, பாசிட்டிவ் ஒயரில் பேட்டரியை ஒட்டியே ஃபியூஸ் போடுங்கள். கேபினுக்குள் போட்டால், ஃபயர்வாலில் ஷார்ட் ஆகும்போது அது எரியாது, ஒயர்தான் எரியும்.

துளையிடப் பயமாக இருந்தால் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். ஃபியூஸ் எங்கே இருக்கிறது என்பதை மட்டும் நீங்களே பாருங்கள்.