எஞ்சின் இல்லாமல் விற்ற பைக்

இங்கிலாந்தின் தென்கரையோரம், ஹாம்ப்ஷயர் மாவட்டத்தில் நியூ மில்டன் என்றொரு சிற்றூர். 1960களில் அங்கே ஒரு பட்டறை எஞ்சின் இல்லாத மோட்டார் சைக்கிள்களை விற்றுக்கொண்டிருந்தது. எஞ்சினை வாங்குகிறவரே தேடிக்கொள்ள வேண்டும். பட்டறையை நடத்தியவர்கள் அண்ணன் டெரெக் ரிக்மன், தம்பி டான் ரிக்மன். இருவருமே சேற்றிலும் மேட்டிலும் பைக்கை விரட்டும் பந்தயக்காரர்கள். 1963லும் 1964லும் நாடுகளுக்கு இடையிலான மோட்டோகிராஸ் பட்டத்தை வென்ற பிரிட்டிஷ் அணியில் இருந்தவர்கள்.

தங்களுக்குத் தோதான வண்டி கடையில் இல்லையே என்ற எரிச்சலில் தொடங்கியது இந்தத் தொழில். 1959 வாக்கில் ட்ரயம்ஃப் எஞ்சின், நார்ட்டன் ஃபோர்க், சில பிஎஸ்ஏ பாகங்கள் என்று மூன்று கம்பெனிச் சரக்கைக் கோத்து ஒரு பைக் கட்டினார்கள். பெயர் 'மெட்டிஸ்', பிரெஞ்சில் கலப்பினம் என்று பொருள். மூன்றாவது வடிவத்துக்கு வரும்போது சேசிஸ் முழுக்க அவர்கள் கையால் ஆனது. எஞ்சின் கொடுங்கள், வண்டியாகவே விற்கிறோம் என்று பெரிய கம்பெனிகளிடம் கேட்டார்கள், அவை மறுத்துவிட்டன. சரி, எஞ்சினைத் தவிர மற்றதையெல்லாம் கிட்டாக விற்போம் என்று இறங்கினார்கள். அந்த மறுப்பு ஒரு விதத்தில் நல்லதாகப் போயிற்று. எஞ்சினின் பெயரைச் சொல்லி விற்க முடியாத நிலையில், சேசிஸ் தன் தகுதியால் மட்டுமே விலைபோக வேண்டியிருந்தது.

சேசிஸின் வேலை பார்வைக்கு எளிது. முன்னால் ஃபோர்க் திரும்பும் கோன் செட், பின்னால் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் ஆடும் அச்சு, இரண்டையும் ஒரே நேர்கோட்டில் பிடித்து வைக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் வளைவில் சாய்ந்து போகும்போது டயர்கள் இரண்டும் அந்தக் கோட்டை முறுக்கப் பார்க்கின்றன. சேசிஸ் கொஞ்சம் முறுக்கிக்கொண்டாலும் முன் சக்கரமும் பின் சக்கரமும் வெவ்வேறு திசையைப் பார்க்கும், வண்டி அலையும்.

முறுக்கைத் தாங்க இரும்பை அள்ளிக் கொட்ட வேண்டியதில்லை. மெல்லிய குழாய் ஒன்றின் முறுக்கு எதிர்ப்பு, அதன் சுவரின் தடிமனைப் பொறுத்து நேர் விகிதத்தில்தான் கூடும்; ஆரத்தைப் பொறுத்தோ மும்மடியாகக் கூடும். ஆகவே குழாயின் விட்டத்தை இரட்டிப்பாக்கி, சுவரைப் பாதியாக மெலியவைத்தால் எடை மாறாது, முறுக்கு எதிர்ப்பு மட்டும் 4 மடங்காகும். இதற்கும் எல்லை உண்டு. சுவர் ரொம்ப மெலிந்தால் காலி குளிர்பான டின் போல நசுங்கிவிடும். இந்த இழுபறிக்கு நடுவில் நிற்க நல்ல எஃகு வேண்டும். ரிக்மன்கள் எடுத்துக்கொண்டது பர்மிங்ஹாமின் ரெனால்ட்ஸ் நிறுவனம் 1935 முதல் விற்ற '531' என்ற மாங்கனீசு-மாலிப்டினம் எஃகுக் குழாய். சைக்கிள் பந்தயக்காரர்களுக்கு நன்கு தெரிந்த சரக்கு. கார்களிலும் புகுந்தது: ஜாகுவார் இ-டைப்பின் எஞ்சினைத் தாங்கும் முன்சட்டம் இதனால் ஆனது. 1983இல் மணிக்கு 1,000 கி.மீ. வேகத்தைத் தாண்டிச் சாதனை படைத்த த்ரஸ்ட் 2 காரின் சட்டத்திலும் இது இருந்தது.

இந்தக் குழாயை ஒட்டுவதில்தான் சூட்சுமம். எஃகு உருக ஏறக்குறைய 1,500 டிகிரி செல்சியஸ் வேண்டும். அந்த அளவுக்குச் சூடாக்கி உருக்கி ஒட்டினால், மூட்டை ஒட்டிய பகுதியில் எஃகின் உள்ளமைப்பு மாறி, இழுத்துப் பதப்படுத்தியபோது வந்த வலிமை போய், நொறுங்கும் குணம் வந்துவிடும். மூட்டு பிழைக்கும், அதற்குப் பக்கத்துக் குழாய் உடையும். அதனால் ரிக்மன் பட்டறையில் வெண்கலப் பற்றவைப்பு. செம்பும் துத்தநாகமும் கலந்த கம்பி 900 டிகிரிக்குச் சற்று முன்பே உருகிவிடும். கேஸ் சுடரால் குழாய்களைச் சிவக்கும் சூட்டுக்குக் கொண்டுவந்து கம்பியைத் தொட்டால், உருகிய உலோகம் மூட்டைச் சுற்றி ஓடிப் படியும். எஃகு உருகவே இல்லை. ஆனாலும் பிடிப்பு உறுதி. மூட்டின் மூலையில் குழிவாக, வழவழப்பாக ஒரு திரட்டு நிற்கும். கூரான மூலையில் குவிய வேண்டிய விசையை அந்தக் குழிவு பரப்பிவிடுகிறது. அதன் மேல் நிக்கல் பூசினார்கள். குரோமியம் இன்னும் பளபளக்கும்தான். ஆனால் அதைப் பூசும் தொட்டியில் உண்டாகும் ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்து அதை நொறுங்கவைக்கக்கூடும்.

குழாய்க்குள் இருக்கும் வெற்றிடத்தையும் அவர்கள் சும்மா விடவில்லை. எஞ்சின் ஆயில் சேசிஸ் குழாய்க்குள்ளேயே ஓடியது. தனி ஆயில் டேங்கின் எடை மிச்சம். காற்றுப்பட்டு ஆயிலும் ஆறும். எங்காவது விரிசல் விட்டால் கசிந்து காட்டிக்கொடுத்தும்விடும்.

எனக்கு மிகவும் பிடித்தது செயினை டைட் வைக்க அவர்கள் கண்ட வழி. சாதாரண பைக்கில் பின்சக்கர அச்சை இடமும் வலமுமாக இரண்டு போல்ட்டால் பின்னுக்கு இழுப்போம். ஒரு பக்கம் அரைச் சுற்று கூடினால் போச்சு, சக்கரம் கோணிக்கொள்ளும். மெட்டிஸில் சக்கரத்தை ஸ்விங் ஆர்மில் நிலையாகப் பூட்டிவிட்டார்கள். மாறாக, ஸ்விங் ஆர்மின் அச்சு, துளை நடுவில் இல்லாமல் சற்றே விலகியிருக்கும் வட்டத் தட்டுகளில் உட்கார்ந்திருந்தது. இரு பக்கத் தட்டையும் ஒரே நிலைக்கு மாற்றி வைத்தால் ஸ்விங் ஆர்மே சக்கரத்தோடு பின்னுக்கு நகரும். கோணலுக்கு இடமே இல்லை.

நடிகர் ஸ்டீவ் மெக்வீன் பாலைவனப் பந்தயத்துக்கென்று ஒரு மெட்டிஸ் வைத்திருந்தார். சாலைப் பந்தயத்துக்கும் ரிக்மன்கள் சேசிஸ் செய்தார்கள். லாக்ஹீட் நிறுவனத்தோடு சேர்ந்து டிஸ்க் பிரேக்கும் பொருத்தினார்கள். 1974இல் ஏற்றுமதிக்கான அரசி விருது கிடைத்தது.

1970இல் ஒரு விசித்திரம். இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்ட் மூடப்படும் நேரம். அமெரிக்காவில் ஃப்ளாய்ட் கிளைமர் என்ற வியாபாரிக்குப் போக வேண்டிய சுமார் 200 இன்டர்செப்டர் எஞ்சின்கள், அவர் திடீரென்று இறந்துபோனதால் துறைமுகத்திலேயே தங்கிவிட்டன. இம்முறை சேசிஸ் தேடி எஞ்சின் வந்தது. ரிக்மன் இன்டர்செப்டர் என்ற பெயரில் 137 வண்டிகள் வெளிவந்தன.

இங்கிலாந்தில் மூடினாலும் சென்னையில் என்ஃபீல்ட் மூடவில்லை. திருவொற்றியூரில் புல்லட் உருண்டுகொண்டே இருந்தது. அந்தச் சென்னைக் கம்பெனியோடு பின்னாளில் கைகோத்தது இன்னொரு சேசிஸ் பட்டறை. இங்கிலாந்தின் ஹார்ட்ஃபோர்டில் ஸ்டீவ், லெஸ்டர் என்ற ஹாரிஸ் சகோதரர்கள் 1972இல் ஒரு கூட்டாளியோடு தொடங்கிய ஹாரிஸ் பெர்ஃபார்மன்ஸ் அது, ரிக்மன் பட்டறையின் வகைதான். 1990களின் தொடக்கத்தில் யமஹா 500 சிசி எஞ்சினுக்குச் சேசிஸ் செய்து உலக கிராண்ட் பிரீ பந்தயத்துக்கே அனுப்பியது. 2013இல் வந்த ராயல் என்ஃபீல்ட் கான்டினென்டல் ஜிடியின் சேசிஸ் வடிவமைப்பு அவர்களுடையது. 2015இல் அந்தப் பட்டறையையே ராயல் என்ஃபீல்ட் வாங்கிக்கொண்டது. 2018 முதல் சென்னையைச் சுற்றியுள்ள ஆலைகளிலிருந்து வரும் 648 சிசி இன்டர்செப்டரின் சேசிஸிலும் ஹாரிஸ் கைவண்ணம் உண்டு. அதே சேசிஸ்தான் கான்டினென்டல் ஜிடி 650க்கும். ஹேண்டிலைத் தாழ்த்தி, ஃபுட்ரெஸ்டைப் பின்னுக்குத் தள்ளினால் ஓட்டுகிறவரின் எடை முன்சக்கரத்தின் பக்கம் சாய்கிறது. அந்த ஒரு மாற்றத்திலேயே அது வேறு பைக்காக ஓடுகிறது.