‘3 நாளில் முழுப் பல்’ விளம்பரம்: அப்பா, அம்மாவுக்கு இம்ப்ளான்ட் வைக்கும் முன் தெரிந்திருக்க வேண்டியவை

கல்யாண வீட்டுப் பந்தி. இலையில் வைத்த மெதுவடையை அப்பா கடித்தார். கீழ் பல்செட் கழன்று வடையோடு வெளியே வந்துவிட்டது. எதிர் வரிசையில் இரண்டு பேர் பார்த்தார்கள். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் முப்பது வருஷம் பஸ் கண்டக்டராக இருந்து, பேச்சுக்குப் பேர் போன மனிதர், அதற்குப் பிறகு வெளியே எங்கேயும் சாப்பிடுவதில்லை. கேட்டால், “வயிறு சரியில்லப்பா” என்பார்.

கொஞ்ச நாளில் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் தங்கச்சி ஒரு ரீல்ஸ் அனுப்பினாள். ‘பல்லே இல்லையா? 3 நாளில் நிரந்தரப் பல். கரும்பே கடிக்கலாம்!’ அடுத்த வாரம் அதே மாதிரி ஒரு கிளினிக்கில் உட்கார்ந்திருந்தோம். மேல், கீழ் இரண்டு தாடைக்கும் சேர்த்து ஒரு பேக்கேஜ். தொகை, ஒரு சின்ன கார் விலை. இஎம்ஐ உண்டு. “இன்னைக்கே புக் பண்ணினா டிஸ்கவுன்ட் சார்.” படிவத்தில் என் பெயரை எழுதிவிட்டேன். பேனாவை நிறுத்தியது அப்பா கேட்ட ஒரு கேள்வி.

“மேல் செட் நல்லாத்தானே இருக்கு? அதை எதுக்கு மாத்தணும்?”

எதிரில் இருந்த கவுன்சிலரிடம் பதில் இல்லை. “ரெண்டும் சேர்த்துப் பண்றதுதான் சார் பேக்கேஜ்” என்றார். நாங்கள் எழுந்து வந்துவிட்டோம். அதற்குப் பிறகு படித்ததும், வேறு டாக்டர்களிடம் கேட்டதும்தான் இந்தக் கட்டுரை.

கீழ் செட் மட்டும் ஏன் கழல்கிறது?

மேல் பல்செட் அண்ணம் முழுவதையும் மூடி உட்கார்கிறது. நடுவில் எச்சில் மெல்லிய படலமாக நிற்க, ஈரக் கண்ணாடி மேல் இன்னொரு கண்ணாடி ஒட்டுவது போல அது பிடித்துக்கொள்ளும். கீழே அந்த வசதி கிடையாது. குதிரை லாட வடிவில் ஒரு மெல்லிய மேடு, நடுவில் ஓயாமல் அசையும் நாக்கு, இரண்டு பக்கமும் கன்னத் தசை. பேசினாலே செட் தூக்கும்.

போதாக்குறைக்கு எலும்பும் கரைகிறது. பல் இருக்கும்வரை கடிக்கும் விசை வேர் வழியாகத் தாடை எலும்புக்குப் போய்க்கொண்டே இருக்கும். பல் போனதும் அந்த எலும்புக்கு வேலை இல்லை. முதல் வருஷத்தில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் உயரம் குறைகிறது. நீண்ட காலத்தில் மேல் தாடையைவிடக் கீழ் தாடை பல மடங்கு அதிகமாகக் கரைகிறது. ஒன்பது வருஷத்துக்கு முன் அளவெடுத்துச் செய்த செட் அப்படியேதான் இருக்கிறது. அடியில் இருந்த தாடைதான் மாறிவிட்டது.

ஆக, அப்பாவின் பிரச்னை கீழே. கிளினிக் விற்ற தீர்வு இரண்டு பக்கத்துக்கும்.

எலும்போடு ஒட்டிப்போன உலோகம்

இம்ப்ளான்ட் என்பது பல் அல்ல. எலும்புக்குள் திருகி வைக்கப்படும் டைட்டானியம் ஸ்க்ரூ, அதாவது செயற்கை வேர். அதன் மேல்தான் பல்லைப் பொருத்துவார்கள். 1952-ல் ஸ்வீடனில் பெர்-இங்வர் பிரோனெமார்க் என்ற ஆராய்ச்சியாளர் முயல்களின் எலும்புக்குள் ரத்த ஓட்டத்தைப் பார்க்க டைட்டானியக் குழாய்களை வைத்தார். ஆய்வு முடிந்து எடுக்கப் பார்த்தால் வரவில்லை. எலும்பு உலோகத்தோடு ஒட்டி வளர்ந்திருந்தது. 1965-ல் பிறவியிலேயே தாடைக் குறைபாடு இருந்த யோஸ்டா லார்ஸன் என்பவரின் கீழ் தாடையில் நான்கு இம்ப்ளான்ட்களை வைத்தார். லார்ஸன் 2006-ல் இறக்கும்வரை அவை வேலை செய்தன. நாற்பது வருஷம்!

ஆனால் அந்த ஒட்டுதலுக்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. ஆரம்ப வாரங்களில் ஸ்க்ரூ அசையக் கூடாது. மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டி அசைந்தாலே எலும்புக்குப் பதில் நார்த்திசு வளர்ந்துவிடலாம். பிறகு ஸ்க்ரூ ஆடும், கடைசியில் எடுக்க வேண்டியதுதான். அதனால்தான் பழைய முறையில் ஸ்க்ரூவை வைத்து ஈறை மூடிவிட்டு, கீழ் தாடைக்கு மூன்று, நான்கு மாதமும் மேல் தாடைக்கு ஆறு மாதம் வரையும் காத்திருந்துவிட்டுப் பல் கட்டினார்கள்.

நாலே நாலு ஸ்க்ரூவில் பன்னிரண்டு பல்லா?

1990-களின் பிற்பகுதியில் லிஸ்பனில் பாவுலோ மாலோ என்ற பல் மருத்துவர் பிரபலமாக்கிய முறைதான் ‘ஆல்-ஆன்-ஃபோர்’. ஒரு தாடைக்கு நான்கு இம்ப்ளான்ட். முன்னால் இரண்டு நேராக, பின்னால் இரண்டு சாய்வாக, சில நேரம் 45 டிகிரி வரைக்கும்.

ஏன் சாய்க்க வேண்டும்? மேல் தாடையில் கடைவாய்ப் பக்கம் எலும்புக்கு மேலே சைனஸ் அறை இருக்கிறது. கீழ் தாடையில் உதட்டுக்கும் தாடைக்கும் உணர்ச்சி தரும் நரம்பு ஓடுகிறது. எலும்பு கரைந்தவர்களுக்குப் பின்பக்கம் நேராகத் துளைத்தால் இவற்றில் இடிக்கும். சாய்த்தால் இரண்டையும் தவிர்த்து, முன்பக்கக் கெட்டி எலும்பைப் பிடிக்கலாம். எலும்பு ஒட்டும் சிகிச்சை பலருக்குத் தேவைப்படாமல் போவது இதனால்தான். நான்கையும் உறுதியான ஒரே பாலத்தால் இணைத்துவிட்டால் தனித்தனியாக அசைய முடியாது. ஆகவே அன்றைக்கே ஒரு பல் வரிசையை மாட்டி அனுப்ப முடிகிறது.

நல்ல முறைதான், சந்தேகமில்லை. ஆனால் ரீல்ஸில் வராத ஒரு விஷயம் உண்டு. பாலத்துக்கு இடம் வேண்டும் என்பதற்காகப் பல நேரங்களில் தாடை எலும்பின் மேல்பகுதியைச் சீவித் தட்டையாக்குகிறார்கள். சீவிய எலும்பு திரும்ப வளராது. தாடையில் நல்ல பற்கள் மிச்சம் இருந்தால் அவற்றையும் பிடுங்குவார்கள். அதுவும் திரும்ப வராது.

‘3 நாள்’ என்பது எந்தப் பல்?

ஆல்-ஆன்-ஃபோரில் அன்றைக்கோ ஓரிரு நாளிலோ மாட்டுவது பெரும்பாலும் அக்ரிலிக்கில் செய்த தற்காலிகப் பல். மூன்று முதல் ஆறு மாதத்தில் எலும்பு ஒட்டி, ஈறு அமைந்த பிறகுதான் நிரந்தரப் பல்லுக்கு மறுபடி அளவெடுப்பார்கள். இடைப்பட்ட காலத்தில் இட்லி, இடியாப்பம், குழைந்த சாதம்தான். கரும்பு கனவில் மட்டும். சிகிச்சை முடிந்த உற்சாகத்தில் முறுக்கைக் கடித்தால், முன்னால் சொன்ன அந்த ‘அசைவு’ நடந்துவிடும்.

நம்ம ஊர் விளம்பரங்களில் வரும் ‘3 நாள்’, ‘72 மணி நேரம்’ என்பது பெரும்பாலும் இன்னொரு வகை. பேசல் அல்லது கார்டிகல் இம்ப்ளான்ட் என்பார்கள். ஒரே துண்டாக வரும் நீள ஸ்க்ரூ, ஆழத்தில் உள்ள கெட்டி எலும்பைப் பிடிக்கும். ஒரு தாடைக்கு எட்டு, பத்து என்றுகூட வைத்து, மூன்று நாளுக்குள் பாலம் கட்டிவிடுவார்கள். எலும்பு ரொம்பக் குறைந்தவர்களுக்கு இது கைகொடுக்கிறது என்று சொல்லும் மருத்துவர்கள் இருக்கிறார்கள். ஆனால் வழக்கமான இம்ப்ளான்ட்டுக்கு இருக்கும் அளவுக்கு நீண்டகால ஆய்வுகள் இதற்கு இல்லை. எந்த வகை வைக்கப்போகிறார்கள், ஏன் அந்த வகை என்று கேட்பது உங்கள் உரிமை. “லேட்டஸ்ட் டெக்னாலஜி சார்” என்பது பதில் ஆகாது.

அத்தைக்கு அது சரி

இதைப் படித்துவிட்டு ‘எல்லாம் ஏமாற்று வேலை’ என்று முடிவு கட்ட வேண்டாம். என் அத்தைக்கு 58 வயது. ஈறு நோயால் மேல் தாடையில் மிச்சம் இருந்த ஐந்து பல்லும் ஆடிக்கொண்டிருந்தன. செட் போட்டால் அண்ணத்தை மூடுவதால் வாந்தி வந்துவிடும், அவரால் ஒரு நாள்கூடத் தாங்க முடியவில்லை. டாக்டர் முதலில் ஈறு நோய்க்குச் சிகிச்சை கொடுத்தார். பிறகு அந்த ஐந்தையும் எடுத்து, நான்கு இம்ப்ளான்ட்டில் கழற்ற முடியாத பல் வரிசை வைத்தார். ‘ஸ’, ‘ச’ சரியாக வர ஒரு மாதம் ஆனது. இப்போது சீடை சாப்பிடுகிறார். அவர் விஷயத்தில் பிடுங்கியதும் செலவழித்ததும் சரிதான்.

அப்பாவின் நிலைமை அதுவல்ல. அத்தைக்குச் செய்ததை அப்படியே அவருக்கும் செய்ய வேண்டியதில்லை.

ரெண்டே ரெண்டு போதுமா?

இரண்டாவதாகப் பார்த்த டாக்டர் முதலில் வாயைப் பார்க்கவே இல்லை. “ஐயா, சுகர் எவ்வளவு?” என்றார். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி டெஸ்ட்டில் 9.2 வந்தது. “இதைக் கொஞ்சம் இறக்கிட்டு வாங்க, எங்கேயும் ஓடிடாது” என்று அனுப்பிவிட்டார். கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரையில் புண் ஆறுவதும் எலும்பு ஒட்டுவதும் தாமதமாகும், தொற்று வரும் வாய்ப்பும் கூடும். முதல் கிளினிக்கில் இதை யாரும் கேட்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

நான்கு மாதம் கழித்துப் போனோம். சிபிசிடி ஸ்கேன் எடுத்தார். அது எலும்பின் உயரம், அகலம், நரம்பு ஓடும் இடம் மூன்றையும் முப்பரிமாணத்தில் காட்டும். சாதாரண எக்ஸ்ரேயை மட்டும் வைத்து முழுத் தாடைக்கும் பிளான் போடுகிறார்கள் என்றால் யோசியுங்கள். பார்த்துவிட்டு அவர் சொன்னது: “மேல் செட்டைத் தொட வேண்டாம். கீழே ரெண்டு இம்ப்ளான்ட் வைப்போம். புது செட் அதுல டிக்னு மாட்டிக்கும்.”

அவர் ஒன்றும் புதிதாகச் சொல்லவில்லை. 2002-ல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள், பல்லே இல்லாத கீழ் தாடைக்கு முதலில் பரிசீலிக்க வேண்டியது இரண்டு இம்ப்ளான்ட்டில் மாட்டும் செட்தான், வெறும் செட் அல்ல என்று அறிவித்தார்கள். கோரைப்பல் இருந்த இடத்தில் இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. அந்த முன்பகுதியில்தான் எலும்பு கடைசிவரை மிஞ்சும், நரம்புத் தொல்லையும் குறைவு. செட்டின் அடியில் நைலான் ரிங் போட்ட பட்டன், சட்டையின் பிரஸ் பட்டன் மாதிரி. இரவில் கழற்றிக் கழுவலாம். செலவு முதல் கிளினிக் சொன்ன பேக்கேஜில் ஒரு சின்னப் பங்குதான்.

குறை இல்லாமல் இல்லை. செட் ஈறின் மேல்தான் உட்கார்கிறது, பின்பக்கம் கொஞ்சம் அசையும். ‘கழற்றவே கூடாது, சொந்தப் பல் மாதிரி இருக்கணும்’ என்று நினைப்பவருக்கு இது பிடிக்காது. அப்பாவுக்கு வேண்டியது பந்தியில் கழலாத செட், அவ்வளவுதான்.

கையெழுத்துப் போடும் முன்

மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். எலும்புத் தேய்மானத்துக்கு அலென்ட்ரோனேட் மாத்திரையோ சோலட்ரோனிக் ஆசிட் ஊசியோ போடும் அம்மாக்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அரிதாகத் தாடை எலும்பே ஆறாமல் போகும் ஆபத்து அதில் உண்டு. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் தாங்களாக நிறுத்தக் கூடாது, இதய டாக்டரைக் கேட்க வேண்டும். தலை, கழுத்துப் பகுதியில் ரேடியேஷன் எடுத்திருந்தாலும் சொல்ல வேண்டும். சிகரெட், புகையிலை போட்ட வெற்றிலை இரண்டும் இம்ப்ளான்ட்டுக்கு எதிரி.

“மிச்சம் இருக்கும் பல்லில் எது காப்பாற்ற முடியாதது, ஏன்?” என்று ஒவ்வொரு பல்லாகக் காட்டிச் சொல்லச் சொல்லுங்கள். சொன்ன தொகையில் நிரந்தரப் பல் சேர்ந்திருக்கிறதா, தற்காலிகம் மட்டுமா என்று எழுதி வாங்குங்கள். ஒரு இம்ப்ளான்ட் ஒட்டவில்லை என்றால் மறுபடி வைக்க யார் செலவு என்பதையும்தான். நம் ஹெல்த் இன்ஷூரன்ஸ் பாலிசிகளில் பெரும்பாலானவை விபத்தில் போன பல் தவிர மற்றதற்குப் பணம் தருவதில்லை, அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். சந்தேகம் இருந்தால் அரசு பல் மருத்துவக் கல்லூரியில் இரண்டாவது கருத்துக் கேட்கலாம். ஒரு நாள் லீவு போகும், அவ்வளவுதான்.

இன்னொன்று, பலரும் விட்டுவிடுவது. வைத்த இம்ப்ளான்ட்டின் கம்பெனி, மாடல், அளவு, பேட்ச் எண் உள்ள ஸ்டிக்கரைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். ஒவ்வொரு கம்பெனிக்கும் ஸ்க்ரூ டிரைவரே வேறு. பத்து வருஷம் கழித்து வேறு ஊரில் ஒரு ஸ்க்ரூ லூஸ் ஆனால், அந்த ஸ்டிக்கர் இல்லாமல் அங்குள்ள டாக்டர் திணறுவார்.

வைத்த பிறகு

நன்றாகத் திட்டமிட்டு வைத்தால் பத்து வருஷத்துக்குப் பிறகும் பத்தில் ஒன்பதுக்கு மேல் இம்ப்ளான்ட்கள் நிலைத்திருக்கின்றன. ஆனால் ‘சொத்தை வராது’ என்பதை ‘சுத்தம் செய்ய வேண்டாம்’ என்று புரிந்துகொள்கிறார்கள். இம்ப்ளான்ட்டைச் சுற்றி அழுக்குச் சேர்ந்தால் ஈறு வீங்கி, உள்ளே எலும்பு வலியே இல்லாமல் கரையும். கழற்ற முடியாத பல் வரிசைக்கு அடியில் தினமும் வாட்டர் ஃப்ளாஸராலோ சின்ன இடைப்பல் பிரஷ்ஷாலோ சுத்தம் செய்தாக வேண்டும். அத்தைக்கு அதற்கு இரவில் பத்து நிமிஷம் ஆகிறது. கை நடுங்கும், பார்வை மங்கிய 80 வயதில் அதை யார் செய்வார்கள் என்பதை இப்போதே பேசிவிடுவது நல்லது.

அப்பாவுக்கு அந்த வேலை எளிது. செட்டைக் கழற்றிக் குழாயில் கழுவுகிறார், இரண்டு பட்டனையும் மென்மையான பிரஷ்ஷால் தேய்க்கிறார். போன மாதம் கீழ் செட் லேசாக லூஸ் ஆகிறது என்றார். போய்ப் பார்த்தால் நைலான் ரிங் தேய்ந்திருந்தது. மாற்ற கால் மணி நேரம்கூட ஆகவில்லை. வரும் வழியில், பஸ் ஸ்டாண்டு கடையில் வடையைப் பார்த்து அவரே நின்றார்.