தண்ணீர் படாமல் பரலோகம் உண்டா? தெரியுமா!

கிறிஸ்தவத்துக்கு ராஜபாட்டை போட்டுக் கொடுத்த ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன், தான் ஞானஸ்நானம் பெற்றது எப்போது தெரியுமா? 337-ல், சாகக் கிடக்கும்போது! அதுவரை செய்த பாவமெல்லாம் ஞானஸ்நானத்தில் கழுவப்பட்டுவிடும் என்பது நம்பிக்கை. ஆனால் ஒரு தடவைதான் பெறலாம். எனவே கடைசி மூச்சு வரை தள்ளிப்போடுவது அன்று பலரின் வழக்கம். (ராஜா என்றால் பாவமும் கொஞ்சம் கூடுதல்தானே!)

தள்ளிப்போட்டவர் திடீரென்று செத்துவிட்டால்? 392-ல் அதுவே நடந்தது. இளம் பேரரசர் இரண்டாம் வாலன்டினியன் மிலான் ஆயர் அம்புரோஸிடம் ஞானஸ்நானம் கேட்டு ஆளனுப்பியிருந்தார், சாவு முந்திக்கொண்டது. அவர் ஆசைப்பட்டாரே, அது போதும் என்று இரங்கல் உரையிலேயே ஆறுதல் சொன்னார் அம்புரோஸ். இன்றும் கத்தோலிக்கர்கள் 'ஆசை ஞானஸ்நானம்' என்பதை ஏற்கிறார்கள். விசுவாசத்துக்காக உயிரைக் கொடுத்தால் 'இரத்த ஞானஸ்நானம்'!

பச்சைக் குழந்தைக்கு ஏது ஆசை? இங்கேதான் நெஞ்சு பதறும். 15-ஆம் நூற்றாண்டில் சுவிட்சர்லாந்தின் ஓபர்ப்யூரன் மாதா கோவிலுக்கு, இறந்தே பிறந்த சிசுக்களைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கனன்று எரியும் தணல்களுக்கு நடுவே உடலைக் கிடத்திச் சூடேற்றுவார்கள். உதட்டின் மேல் ஓர் இறகு. அனல்காற்றில் அது அசைந்ததா? உயிர் வந்துவிட்டது! சட்டென்று ஞானஸ்நானம், உடனே அடக்கம். இது மோசடி என்று 1486-ல் ரோமுக்கே புகார் போனது. அந்த இடத்தைப் பின்னாளில் தோண்டியபோது கிடைத்த சிசு எலும்புக்கூடுகள் சுமார் 250. யாரை நோவது? தன் பிள்ளை பரலோகத்துக்கு வெளியே நிற்கும் என்று நம்பிய தாய் வேறென்ன செய்வாள்? ஞானஸ்நானம் பெறாமல் சாகும் குழந்தைகளும் மீட்படைவார்கள் என்று நம்ப இடமுண்டு என வத்திக்கானின் இறையியல் ஆணையம் ஆவணம் வெளியிட்டது 2007-ல்தான்.

ஞானஸ்நானத்துக்காகவே தண்ணீரில் கொன்ற கதையும் உண்டு! குழந்தையில் பெற்றது செல்லாது, விசுவாசித்த பிறகே பெற வேண்டும் என்று மறுபடி ஞானஸ்நானம் கொடுத்த ஃபெலிக்ஸ் மான்ஸை, 1527-ல் சூரிச் நகர சபை கையைக் கட்டி லிம்மாட் ஆற்றில் மூழ்கடித்தது. கொன்றவர்களும் கத்தோலிக்கத்திலிருந்து பிரிந்த சீர்திருத்தக்காரர்களே!

தண்ணீரே வேண்டாம் என்ற கிறிஸ்தவப் பிரிவுகளும் உண்டு. இரட்சணிய சேனையிலும் குவேக்கர்களிடமும் தண்ணீர் ஞானஸ்நானமே கிடையாது. இயேசுவின் அருகே சிலுவையில் தொங்கி, அவரிடமே பரலோக வாக்குப் பெற்ற கள்வன் எந்த ஆற்றில் முங்கினான் என்பது, ஞானஸ்நானம் கட்டாயமில்லை என்பவர்களின் பழைய கேள்வி.

ஆபத்து நேரத்தில் கிறிஸ்தவர் அல்லாத செவிலிகூட ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்கிறது கத்தோலிக்கத் திருச்சபை. திருச்சபையின் நோக்கத்தோடு, சொல் பிசகாமல் கொடுக்க வேண்டும், அவ்வளவே. பிசகினால்? அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் ஒரு குருவானவர் தன் குழந்தைப்பருவ ஞானஸ்நான வீடியோவைப் பார்த்தார். 'நான் ஞானஸ்நானம் கொடுக்கிறேன்' என்பதற்குப் பதில் 'நாங்கள் கொடுக்கிறோம்' என்றிருந்தார் கொடுத்தவர். அப்படிச் சொல்லிக் கொடுத்தால் செல்லாது என 2020-ல் வத்திக்கான் அறிவிக்க, அந்தக் குருவானவர் கிறிஸ்தவருமில்லை, குருவுமில்லை என்றாகிவிட்டது! எல்லாவற்றையும் முதலிலிருந்து பெற்றார். அவர் அதுவரை கொடுத்த பாவமன்னிப்புகூடச் செல்லவில்லை. கொடுத்த ஞானஸ்நானங்கள் மட்டும் செல்லுபடியாயின. அதைத்தான் யாரும் கொடுக்கலாமே!